லாரிச் சுமையும் ஓட்டுநர் உரிமமும்

காலையில் ஒரு லாரியையேனும் காணாமல் பள்ளிக்கு வந்து சேரும் மாணவி நம் வடசென்னையில் இருக்கமாட்டாள். மணலி, சடையங்குப்பம், எண்ணூர், திருவொற்றியூர் என எங்கு நோக்கினும் துறைமுகம் செல்லும் கண்டெய்னர் லாரிகளே! அவற்றை ஓட்டுவோருள் நம் தோழியரின் தந்தையரும் உளர். சாலை விதியை மீறினால் ஓட்டுநருக்கு நேர்வது என்ன என்பதைச் சற்று அறிந்துகொள்வோம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அனுமதித்த எடைக்கு மேல் சரக்கு ஏற்றினால் முன்பு அபராதம் 2,000 ரூபாய். திருத்தத்திற்குப் பின் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். ஐந்து டன் மிகுந்தால் 30,000 ரூபாய் ஆகிறது. மிகுந்த சரக்கை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். எடை பார்க்க நிறுத்தாமல் ஓட்டிச் சென்றாலோ 40,000 ரூபாய்!

இவ்வளவு கடுமை ஏன்? எடை கூடினால், பிரேக்கை அழுத்திய பிறகும் வண்டி ஓடும் தூரம் கூடுகிறது. பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது, டயர் வெடிக்கிறது. விபத்தில் உயிர் போனால், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவாக ஓட்டியவருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பழைய சட்டத்தில் அது இரண்டாண்டு.

அபராதத்தைக் கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். உரிமம் போனால்? அதிக பாரம், அதிவேகம், சிவப்பு விளக்கை மீறல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போனில் பேசுதல் ஆகியவற்றுக்கு உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்குமாறு உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இல் அறிவுறுத்தியது. கார் வைத்திருப்பவர் அந்த மூன்று மாதமும் பஸ்ஸில் போகலாம். லாரி ஓட்டுநர் வீட்டிலோ அடுப்பு எரிவதே அந்த உரிமத்தால்தான். கிளீனராகச் செல்லும் தம்பிமாரும் கவனிக்க வேண்டும்: 18 வயது நிரம்புமுன் ஓட்டிக் குற்றம் புரிந்தால் 25 வயது வரை உரிமம் பெற இயலாது.

அதிகச் சுமையை ஏற்றச் சொன்னவர் யார்? பெரும்பாலும் ஓட்டுநர் அல்லர். ஏற்றமாட்டேன் என்றால் அடுத்த நடை வேறொருவருக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் அவர் பேசாதிருக்கிறார். சட்டம் இதை அறியாததன்று. ஓட்டுநர் உரிமையாளராக இல்லாதபோது, உரிமையாளருக்குத் தெரிந்தோ அவர் கட்டளைப்படியோதான் குற்றம் நடந்தது என நீதிமன்றம் கருதலாம் என்று 113-ஆம் பிரிவு கூறுகிறது. முன்கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டிக்கொண்டு புறப்படும் தந்தையரிடம் இந்தப் பிரிவையும் நாம் சொல்லிவைக்கலாம். எடைமேடைச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கவும் சொல்லலாம்.