தப்பும் கீபோர்டும்

பதுளை நகருக்கு அப்பால், நமுனுகுலை மலைச்சாரலில், தேயிலைச் செடிகளின் நடுவே அமைந்திருக்கின்றது ஸ்பிரிங்வெளித் தோட்டம். மலையகத் தோட்டங்களில் திருவிழா என்றால் தப்பு முழங்க வேண்டும். ஒரு காலத்தில் லயங்களில் உறங்கியோரை விடியுமுன் எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் இத்தப்பே. மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும் மரண வீட்டுக்கும் அதுவே துணை. இன்றோ கோயில் மேடைகளில் கீபோர்டும் இடம்பெற்றுவிட்டது.

அத்தோட்டத்துக்குச் சென்றிருந்த நாம், சிந்தசைசர் வகைக் கீபோர்ட் ஒன்றிலே தப்போசையை எழுப்ப முயன்றுகொண்டிருந்த இளைஞர் ஒருவரைக் கண்டோம். அருகே அவருடைய தாத்தா அமர்ந்திருந்தார். தப்படித்துக் காய்த்த கைகள்.

“கேட்டுப் பாருங்க தாத்தா!”

“சத்தம் வருது தம்பி. அடி வரலியே!”

பெரியவரின் சொல்லில் ஒலிக்கலையின் சூட்சுமமே அடங்கியிருந்தது எனலாம்.

ஓசை ஒவ்வொன்றுக்கும் ஒரு வாழ்க்கை உண்டு. அது எழுகின்றது, சற்றே தணிகின்றது, நிலைக்கின்றது, பின்னர் மறைகின்றது. இந்நான்கு பருவங்களின் அளவை மாற்றுவதே ஒலியைச் செதுக்குவதன் முதற்படி. நாதசுரத்தின் ஓசை, ஊதுபவரின் மூச்சு உள்ளவரை நிலைத்து நிற்கும். தப்போசையோ கணத்தில் எழுந்து விரைவில் அடங்கும். இளைஞர் அமைத்திருந்த ஓசை மெல்ல எழுந்து நெடுநேரம் நின்றது. அடி வராததற்கு அது ஒரு காரணம்.

மற்றொரு காரணமும் உண்டு. தப்பை ஓங்கி அடித்தால் ஓசை உரப்பதோடு நில்லாது, கூர்மையும் பெறும்; மெல்லத் தட்டினால் மங்கும். கீபோர்டில் இதனைப் பெற, விசையை அழுத்தும் வேகத்துக்கேற்ப வடிகட்டி திறக்குமாறு அமைத்தல் வேண்டும். அடி விழுந்த கணத்தில் சுருதி சற்றே உயர்ந்திருந்து, உடனே இறங்குமாறும் செய்தல் வேண்டும். தோலின் இயல்பு அதுவே.

இவ்வளவு பாடு எதற்கு, கருவியிலே ஆயத்தமாக உள்ள ஓசைகள் போதாவா என வாசகர்கள் வினவலாம். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டறிந்த முறையைக் கொண்டு, யமஹா நிறுவனம் 1983இல் டீஎக்ஸ்-7 என்னும் சிந்தசைசரை வெளியிட்டது. எண்ணற்ற ஓசைகளை உருவாக்கவல்ல கருவி அது. ஆயினும் அதிலே ஓசையைத் திருத்துவது கடினமாகையால், பலர் உள்ளிருந்த ஓசைகளையே வாசித்தனர். அதன் மின்பியானோ ஓசை உலகெங்கும் பாடல்களில் ஒன்றுபோலவே ஒலித்தது. பம்பாய்க் கலைஞர் சரஞ்சித் சிங்கோ 1982இலேயே, ரோலண்ட் கருவிகளில் பத்து இராகங்களை இசைத்துப் பதிவு செய்தார். அந்நியக் கருவியும் நம்முடைய செவிக்குப் பணியும் என்பதற்கு அவர் சான்று.

அந்தச் செவி எங்கிருந்து வரும்? தப்படிப்போரைத் தாழ்வாக நோக்கிய சமூகம் நம்முடையது. அவ்விழிவுக்கு அஞ்சி இளைஞர் பலர் அக்கருவியைத் தொட மறுத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. ஆனால் தப்பைக் கேளாதவர் கீபோர்டில் எதனை அமைப்பார்? மூலம் மறைந்தபின் பிரதி எதற்கு?

நாம் விடைபெறும் வேளையில் மலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஈரக்காற்றில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். பெரியவர் சருகுகளைக் கூட்டித் தீமூட்டி, தப்பைக் காய்ச்சத் தொடங்கினார். கீபோர்டுக்கு அவ்வித வேலை இல்லை. அது பனியிலும் வெயிலிலும் ஒரே ஓசைதான். பேரன் கருவியை அணைத்துவிட்டு நெருப்பருகே வந்து அமர்ந்தார். முதல் அடி விழுந்தது. பேரன் கண்களை மூடிக் கேட்டார்.

“இன்னொருக்கா அடிங்க, தாத்தா!”