மாடியில் சூரியத் தகடு போடுமுன் மின் அட்டையைப் பாருங்கள்

கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அதற்கு வளைத்த நிலம் சுமார் 2,500 ஏக்கர். வானம் பார்த்த பூமியில் அது செல்லும். காவிரி பாயும் நஞ்சையில் செல்லாது, செல்லவும் கூடாது. டெல்டாவில் வெயிலை அறுவடை செய்ய வீட்டு மாடிதான் இடம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் வீட்டு இணைப்புக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-ம் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம். 1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். அப்படியானால் 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் சுமார் 720 யூனிட்.

தறிகள் ஓடும் தாராசுரத்தில் கணக்கு இங்கேதான் மாறுகிறது. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், விசைத்தறிக்கு 1,000 யூனிட் இலவசம்; சாதாரண வீட்டுக்கே 100 யூனிட் இலவசம். ஏற்கெனவே பில் வராத வீட்டில் தகடு எதை மிச்சப்படுத்தும்? கடன் தவணைதான் மிஞ்சும். ஏ.சி., மோட்டார் என்று 500 யூனிட்டைத் தாண்டுகிறவர்களுக்கு லாபம் உண்டு. மின் அட்டையில் ஒரு வருடத்து யூனிட்களைக் கூட்டிப் பாருங்கள். இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள்.

விற்க வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாத ஒன்று: பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. 2018-ன் கஜா போல ஒரு புயலில் கம்பங்கள் சாய்ந்தால், உச்சி வெயிலிலும் உங்கள் வீட்டு மின்விசிறி சுற்றாது. அந்தக் காற்றுக்குத் தகட்டின் சட்டம் தாங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாட்டு ஓட்டு வீடாக இருந்தால் கூரையின் உறுதியைப் பார்த்த பிறகே மற்றப் பேச்சு.

ஐராவதேசுவரர் கோயிலை ஒட்டிய வீடுகளுக்குத் தனிக் கவலை. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. மாடியில் உயரமாக இரும்புச் சட்டம் எழுப்புவதாக இருந்தால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

திட்டத்தின் தளத்தில் பதிவான நிறுவனத்தையே தேர்ந்தெடுங்கள். ஐந்து ஆண்டுப் பராமரிப்பு அதன் பொறுப்பு. மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு நேரே வரும். அதை 'வாங்கித் தருகிறேன்' என்று கமிஷன் கேட்பவரிடம் ஓ.டி.பி. சொல்லாதீர்கள், ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று 2024-ல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகள் சொல்கின்றன. மீட்டர் மாற்ற மின்வாரியம் இழுத்தடித்தால் அதன் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) புகார் எண் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தஞ்சாவூர் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அடுத்து சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். தகடு போட்ட நிறுவனம் ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும், ரசீதோடு.