நூறு மேட்டூர் அணையை நிறுப்பது எப்படி?

கிரீன்லாந்து ஆண்டுக்குச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழக்கிறது என்கிறது நாசா. இத்தனை கால்பந்து மைதானம், இத்தனை ஒலிம்பிக் நீச்சல்குளம் என்று இதை மாற்றிச் சொல்வது பத்திரிகை வழக்கம். சேலத்துக்காரருக்கு அது எதற்கு? மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி., அதாவது ஏறத்தாழ 265 கோடி டன் தண்ணீர். ஆக, ஆண்டுதோறும் நூறு மேட்டூர் அணை கடலுக்குப் போகிறது.

இதை யார், எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று நாமக்கல் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

தராசு என்பது இரண்டு செயற்கைக்கோள்கள். 'கிரேஸ்' என்ற பெயரில் அமெரிக்காவும் ஜெர்மனியும் 2002 மார்ச்சில் அனுப்பிய ஜோடி. டாம், ஜெர்ரி என்பது செல்லப்பெயர். 2017 வரை உழைத்தது. 2018 மே மாதம் வாரிசு ஜோடி போனது. பூமியைப் படம்பிடிக்கும் கேமரா இவற்றில் கிடையாது. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றியபடி, அந்த இடைவெளியைத்தான் ஓயாமல் அளக்கின்றன.

தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டியவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம். தர்மபுரிப் பக்கமிருந்து இரண்டு லாரிகள் முன்னும் பின்னுமாக வருகின்றன. முன் லாரி இறக்கத்தில் இறங்கியதும் வேகமெடுக்கிறது, இடைவெளி நீள்கிறது. அது அடிவாரம் தாண்டி அடுத்த ஏற்றத்தில் முனகும்போது, பின் லாரி இறக்கத்தில் பாய்ந்து வருகிறது, இடைவெளி சுருங்குகிறது. இடைவெளியை மட்டும் நோட்டில் குறித்துவந்தால் போதும், சாலையைப் பார்க்காமலே பள்ளம் எங்கே, எவ்வளவு ஆழம் என்று வரைந்துவிடலாம். விண்வெளியில் பள்ளத்தின் வேலையைச் செய்வது நிறை. பனிமலையை நெருங்கும்போது முன்னது இழுபடுகிறது; தாண்டியதும் அதே பனி அதைப் பின்னுக்கு இழுத்து, பின்னதை முன்னுக்கு இழுக்கிறது. நடுவில் டிரைவர் பிரேக் அடித்தால் கணக்கு கெடும் அல்லவா? அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உரசிப் பிரேக் போடுகிறது. அதைக் குறித்துக்கொள்ள ஒவ்வொரு 'லாரி'யிலும் முடுக்கமானி என்றொரு கிளீனர் உண்டு!

அளக்கப்படும் மாற்றமோ மைக்ரான் கணக்கில். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மாதம்தோறும் பூமிக்கு ஓர் ஈர்ப்பு வரைபடம். போன மாதத்ததைக் கழித்தால் எங்கே எடை குறைந்தது என்று தெரியும். பனியின் மொத்த எடையை இந்தத் தராசு சொல்லாது, ஏறியதும் இறங்கியதும்தான்.

நிறையின் இழுப்பை அளப்பது புதிதல்ல. வரலாறு கேட்பவர்களுக்கு ஒரு வரி: 1850களில் இந்திய நில அளவையில் தூக்குக்குண்டு இமயமலைப் பக்கம் சாய்ந்தது. மலையின் பருமனை வைத்துக் கணக்கிட்டதைவிடக் குறைவாகவே சாய்ந்ததைக் கண்டு குழம்பியவர் கல்கத்தாவின் பாதிரியார் பிராட்.

எல்லாவற்றையும் செயற்கைக்கோள் பார்த்துவிடும் என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில நூறு கிலோமீட்டருக்குச் சிறிய பரப்பைக் கிரேஸால் பிரித்துப் பார்க்க முடியாது. 2009இல் வட இந்தியாவின் நிலத்தடி நீர் கரைவதை அது காட்டியது. நாமக்கல் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளைத் தனியே பிரித்துக் காட்ட அதற்கு வழியில்லை. அண்டார்டிகாவில் இன்னொரு வில்லங்கம்: பழைய பனிப்பாரம் நீங்கிய தரை இன்னும் மேலெழும்பிக்கொண்டிருக்கிறது. அதையும் மாதிரிக் கணக்கு போட்டுக் கழித்தாக வேண்டும்.

பனியைக் கரைக்கும் வெப்பத்துக்குக் காரணமான வாயுவை எப்படி நிறுக்கிறார்கள்? இனி நம் வாசலுக்கு வருவோம். அணைக்கு அருகிலேயே மேட்டூர் அனல்மின் நிலையம், மொத்தம் 1,440 மெகாவாட். முழு வீச்சில் ஒரு மணி நேரம் ஓடினால் 14.4 லட்சம் யூனிட். நிலக்கரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால், 1,400 டன்னுக்கு மேல். ஆனால் இப்படி வெளிவருவதை யாரும் நிறுப்பதில்லை. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு, எரித்த எரிபொருளின் அளவையும் வெப்ப மதிப்பையும் ஒரு குணகத்தால் பெருக்கி வருவது. பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பனிக்குத் தராசு. பக்கத்துப் புகைபோக்கிக்கு வாய்ப்பாடு!

வாய்ப்பாடு தப்பென்று சொல்லவில்லை. எரிந்த கார்பன் எங்கும் ஒளிந்துவிடாது. 12 கிலோ எரிந்தால் 44 கிலோ வாயு. 2014இல் பறந்த நாசாவின் ஓ.சி.ஓ.-2 செயற்கைக்கோள் தரவைக் கொண்டு தனித்தனி மின்நிலையங்களின் உமிழ்வை 2017இல் கனடா ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். மத்தியப் பிரதேசத்தின் சாசன் மின்நிலையமும் அதில் உண்டு. ஆனால் அந்தச் செயற்கைக்கோளின் பார்வைப் பட்டை சுமார் 10 கிலோமீட்டர் அகலம், மேகம் இருந்தால் அதுவும் இல்லை, காற்றின் வேகமும் தெரிந்தாக வேண்டும். அன்றாடக் கணக்குக்கு இது ஆகாது.

எனவே சந்தேகப்பட வேண்டிய இடம் கரிதான். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பலாவது சாதாரணம். லோடுக்கு லோடு தரம் மாறும். சொன்ன தரம் ஒன்று, வந்த தரம் வேறு என்று சுரங்க நிறுவனங்களுக்கும் மின்வாரியங்களுக்கும் தகராறு ஓய்வதில்லை. வேகனிலிருந்து மாதிரி எடுத்து, பொடித்து, ஆய்வகத்தில் எரித்துத்தான் வெப்ப மதிப்பைச் சொல்கிறார்கள். கார்பன் கணக்கு தொடங்குவதும் அந்தக் கைப்பிடிப் பொடியில்தான்.