அல்லா பந்து: பூமியதிர்ச்சி எழுப்பிய அணை

கட்ச் பகுதியின் வடக்கே பரந்து கிடக்கும் ரண் என்னும் உவர்நிலம் பலகை போன்று சமமானது. 1819ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் மாலை அங்கு ஒரு பெரும் பூமியதிர்ச்சி நேர்ந்தது. அதன் பின்னர், கிழக்கு மேற்காக நீண்டதொரு மேடு அச்சமவெளியில் காணப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். உயரமோ மிகுதியான இடங்களிலும் 6 மீட்டர் அளவினதே. சிந்து நதியின் கிழக்குக் கிளைக்குக் குறுக்கே ஆட்சியாளர்கள் முன்னரே மண்ணணைகள் கட்டியிருந்தனர். மனிதர் கட்டிய அவற்றினின்று வேறுபடுத்தி, மக்கள் இம்மேட்டை ‘அல்லா பந்து’, அதாவது இறைவனின் அணை, என்று அழைத்தனர்.

நிலத்தடிப் பாறைகள் உடைந்து ஒன்றையொன்று உரசி நகரும் தளத்தைப் பிளவுப் பெயர்ச்சி என்பர். இந்திய நிலத்தட்டு ஆசியாவை நெருக்குவதால் கட்ச்சின் அடியில் அழுத்தம் சேர்கிறது. அது உராய்வை மீறியபொழுது, வடக்கு நோக்கிச் சரிந்திருந்த பிளவின் மேற்புறப் பாறை உந்தி ஏறிற்று. தென்புற நிலம் தாழ்ந்தது. ஆயினும் பிளவு மேற்பரப்பை எட்டவில்லை. பாயின் கீழ்க் கையை நுழைத்தால் பாய் எழும்புவது போல, மேலிருந்த வண்டல் வளைந்து உயர்ந்தது. செங்குத்தான பாறைச் சுவரை எதிர்பார்த்து அங்குச் செல்வோர் ஏமாற்றமே அடைவர்.

தாழ்ந்த பக்கத்தில் இருந்தது சிந்திரிக் கோட்டை. நீர் புகுந்து அதனைச் சூழ்ந்தது. உள்ளிருந்தோர் எஞ்சிய கோபுரமொன்றில் ஏறி உயிர் தப்பினர். உலர்ந்த நிலம் ஏரியாயிற்று.

மேடு ஆற்றின் படுகைக்குக் குறுக்கே கிடந்தது. 1826ஆம் ஆண்டு சிந்து நதியில் வந்த பெருவெள்ளம், மேலேயிருந்த மண்ணணைகளை உடைத்து, இம்மேட்டையும் அறுத்துக்கொண்டு சிந்திரி ஏரியை அடைந்தது. மறு ஆண்டு அங்குச் சென்ற அலெக்சாண்டர் பர்ன்ஸ், அறுபட்ட கரைகளில் கிளிஞ்சல்கள் நிறைந்த களிமண்ணைக் கண்டார். முன்பு நீரடியில் படிந்த மண்ணே அவ்வாறு மேடாகியிருந்தது. அவர் தந்த செய்திகளைச் சார்லஸ் லயல் தமது புவியியல் நூலில் எடுத்தாண்டார்.

கண்ணுக்குப் புலப்படாத சரிவையும் நீர் அறிந்துகொள்கிறது. எனவே, களப்பணியாளர் முதலில் ஓடைகளைக் கவனித்தல் நலம். ஓடை காரணமின்றித் திரும்பும் இடமும், நீர் தேங்கும் இடமும், சிறு மேட்டை ஆழமாக அறுத்துச் செல்லும் இடமும் படத்தில் குறிக்கத்தக்கவை. மணலும் ஒரு துணியும் கொண்டு ஆசிரியர் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். 2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் புஜ் நகரைத் தகர்த்த அதிர்ச்சிக்குக் காரணமான பிளவும் மேற்பரப்பை எட்டாத ஒன்றே.