கணினி வகுப்புக்குப் பணம் கட்டும் முன்: வீட்டிலேயே கற்கக்கூடிய இரண்டு கலைகள்



கல்வி உதவி மனுக்களைப் படித்துப் பார்க்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் உள்ளது. சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். மகனை 'வெப் டிசைனிங்' வகுப்பில் சேர்ப்பதற்காகக் காதுக் கம்மலை அடகு வைத்திருந்தார். நான்கு மாத வகுப்பு முடிந்து சான்றிதழும் கையில் இருந்தது. அதற்கு மேல் வகுப்புக்கு உதவி கேட்டார். மகனையும் அழைத்து வரச் சொன்னேன். அலுவலகக் கணினியில் நோட்பேடைத் திறந்து, "தம்பி, உன் பெயரும் ஊரும் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் காட்டு" என்றேன். பையன் திகைத்து நின்றான். ஆயத்த மென்பொருளில் படங்களை இழுத்து வைக்க மட்டுமே அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

பையன் மீது குற்றமில்லை, தாய் மீதும் குற்றமில்லை. எதை, எந்த வரிசையில் கற்க வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. அதேபோல வளைகுடாவுக்குப் புறப்படும் பிள்ளைகள் "மூன்று மாதத்தில் அரபு பேசலாம்" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். இணையப் பக்கம் எழுதுவது, மொழி கற்பது ஆகிய இரண்டும் முதல் சில மாதங்களுக்கு வீட்டிலிருந்தே, செலவில்லாமல், பொழுதுபோக்குப் போலக் கற்கக்கூடியவை. எப்படி என்பதை இங்கே விளக்குகிறேன்.

இணையப் பக்கம் என்றால் என்ன?

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989இல் இதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991இல் அது வெளியுலகுக்கு வந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று, இத்தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. இன்று நம் பிள்ளை ஒரு பக்கம் எழுத எவரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை என்றால், அதற்கு அந்த அறிவிப்பே காரணம்.

ஒரு பக்கத்தில் மூன்று பொருள்கள் உள்ளன. நிக்காஹ் அழைப்பிதழை எடுத்துக்கொள்ளுங்கள். எது தலைப்பு, எது மணமக்கள் பெயர், எது தேதி, எது இடம் என்று பிரித்துச் சொல்வது முதல் வேலை. அதைச் செய்வது எச்.டி.எம்.எல். எழுத்தின் அளவு, பச்சை நிறம், ஓரத்துக் கோடு ஆகியவற்றைத் தீர்மானிப்பது இரண்டாவது வேலை. அதற்கு சி.எஸ்.எஸ். 'நிக்காஹுக்கு இன்னும் எத்தனை நாள்' என்று அட்டை தானே கணக்கிட்டுச் சொன்னால் எப்படி இருக்கும்? காகிதத்தால் அது முடியாது, இணையப் பக்கத்தால் முடியும். அந்த மூன்றாவது வேலையைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 1995இல் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை உருவாக்கினார்.

இவற்றை எழுதக் கணினியோடு வரும் நோட்பேட் போதும், பார்க்க உலாவி போதும். கற்கும்போது இணைய இணைப்புக்கூடக் கட்டாயமில்லை. எழுதிய கோப்பை எச்.டி.எம்.எல். என்ற பின்னொட்டோடு சேமித்து, இருமுறை சொடுக்கினால் பக்கம் திறக்கும்.

தொடக்கத்தில் எல்லோரும் தடுக்கி விழும் ஒரு இடத்தைச் சொல்கிறேன். இரண்டு கட்டங்களில் 100, 50 என்று நிரப்பிக் கூட்டச் சொன்னால், 150 வருவதற்குப் பதில் 10050 என்று வரும். கட்டத்தில் நிரப்பியதை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாகக் கருதுவதில்லை, எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. எழுத்துகளைக் 'கூட்டு' என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். 'இதை எண்ணாக மாற்று' என்று நாம் சொல்ல வேண்டும். இப்படி ஒரு தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் பிள்ளை, பத்துப் பாடம் கேட்டதைவிட அதிகம் கற்றுக்கொள்கிறது.

தமிழும் அரபும் திரையில் ஏறும்போது

ஒருகாலத்தில் ஒரு கணினியில் தட்டிய தமிழ், அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிலையான எண் கொடுத்த யூனிகோடு முறை 1991இல் முதன்முதலாக வெளியானது. அது பரவிய பிறகே இத்தொல்லை தீர்ந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் 'யூ.டி.எஃப்-8' என்ற குறிப்பை எழுத மறந்தால், இன்றும் தமிழ் சிதைந்து தெரியலாம்.

யூனிகோடில் 'நூல்' என்ற சொல் எப்படிச் சேமிக்கப்படுகிறது தெரியுமா? நாம் இரண்டு எழுத்து என்போம். கணினி ந, ஊகாரத் துணைக்குறி, ல, புள்ளி என்று நான்காக எண்ணும். அரபுக்கும் இதே நிலைதான். ஸபர், ஸேர், பேஷ் ஆகிய உயிர்க்குறிகள் ஒவ்வொன்றும் தனி எண். ஆகவே குறியோடு எழுதிய 'கிதாப்' வேறு, குறியில்லாமல் எழுதிய 'கிதாப்' வேறு என்றே கணினி நினைக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. தேடும் முன் குறிகளை நீக்கிவிட்டு ஒப்பிட வேண்டும்.

அரபு எழுத்து சொல்லின் தொடக்கம், நடு, முடிவு என இடத்துக்கேற்ப வடிவம் மாறும். எண் ஒன்றுதான். சரியான வடிவத்தைத் தேர்ந்து கோத்துக் காட்டுவது எழுத்துருவும் மென்பொருளும் செய்யும் வேலை. சில ஃபிளெக்ஸ் பேனர்களில் அரபு எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, வரிசையும் புரண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அரபைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் வடிவமைத்தால் அப்படித்தான் ஆகும். இணைய உலாவிகள் கோர்வையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. ஆனால் இந்த வரி வலமிருந்து இடமாகப் போகிறது என்று நாம் திசை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாக்கியத்தின் முற்றுப்புள்ளி வரியின் தலைப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழை அரபு எழுத்தில் எழுத, இல்லாத ஒலிகளுக்குப் புள்ளி சேர்த்துப் புது எழுத்து அமைத்து அரபுத்தமிழ் வளர்த்தவர்கள் நம் முன்னோர். இரண்டு மொழிகளை ஒரே பக்கத்தில் இணக்கமாக நிறுத்தும் வேலை நமக்குப் புதிதல்ல.

மொழி கற்க நம்மிடம் உள்ள கைமுதல்

நம் பிள்ளைகள் பத்து வயதுக்குள் அரபு எழுத்துகளைக் கூட்டி வாசிக்கிறார்கள். ஐன், காஃப், ளாத் போன்ற ஒலிகளை நாவில் கொண்டுவருகிறார்கள். அரபு கற்கப் புகும் மற்றவர்கள் இதற்கே பல மாதங்களைச் செலவிடுகிறார்கள். நமக்கு இல்லாதது பொருளறிவு. வாசிப்போம், ஒரு வாக்கியத்துக்குப் பொருள் கேட்டால் விழிப்போம்.

சொற்களிலும் நாம் வெறுங்கையோடு இல்லை. அரபில் பெரும்பாலான சொற்கள் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைக்கின்றன. காஃப், தா, பா என்ற வேர் எழுதுவதைக் குறிக்கும். அதிலிருந்து கிதாப் (நூல்), காதிப் (எழுதுபவர்), மக்தூப் (எழுதப்பட்டது), மக்தப் ஆகியவை வருகின்றன. மக்தப் இன்று அரபு நாடுகளில் அலுவலகத்துக்கும் மேசைக்கும் சொல்லும் சொல். வேர் ஒன்று தெரிந்தால் நாலைந்து சொற்கள் சேர்ந்து வருகின்றன. வக்கீல், வசூல், பாக்கி, அசல், ஆஜர் என்று தமிழில் எல்லோரும் பேசும் சொற்களும் அரபிலிருந்து வந்தவையே.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, கடைப்பலகையிலும் செய்தித்தாளிலும் உயிர்க்குறிகள் இருக்காது. குர்ஆனைச் சரளமாக ஓதும் பிள்ளைகூடப் பெயர்ப்பலகை முன் தடுமாறுவது இதனால்தான். சொல்லை முன்பே அறிந்திருந்தால்தான் குறியில்லாமல் வாசிக்க முடியும். இரண்டு, எழுத்து அரபு வேறு, பேச்சு அரபு வேறு. "என்ன வேண்டும்?" என்பது ஏட்டில் "மாதா துரீது?" குவைத் கடைத்தெருவில் அதுவே "ஷ்தபீ?" எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்நாட்டுப் பேச்சைத் தனியே காதால் கேட்டுப் பழக வேண்டும்.

மறதிக்கு மருந்து

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தானே மனனம் செய்து, மறதியை அளந்து 1885இல் வெளியிட்டார். ஒரு நாள் இடைவெளிக்குப் பின் மீண்டும் மனனம் செய்தபோது, முதல் உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அவருக்கு மிச்சமானது. மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது.

இதற்குரிய மருந்து, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது. 1970களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் ஐந்து அறைகள் கொண்ட ஒரு அட்டைப் பெட்டி முறையைப் பரப்பினார். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். புது அட்டைகள் முதல் அறையில் இருக்கும். தினமும் பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். அங்கே இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதற்கடுத்து வாரத்துக்கு ஒருமுறை என்று இடைவெளி கூடும். தவறினால் மீண்டும் முதல் அறை. நன்கு தெரிந்ததற்கு நேரம் வீணாகாது, தெரியாதது தப்பிக்காது. 2006இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட 'ஆங்கி' செயலி இதே வேலையைச் செய்கிறது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அது இலவசம்.

ஹிஃப்ழு மதரஸாவில் புதுப்பாடத்தோடு பழைய பாடத்தையும் உஸ்தாத் கேட்பார். பாராமல் சொல்ல வேண்டும். புதுப்பாடத்தில் மட்டும் ஓடியவர்கள் பழையதை இழந்ததை அங்கே படித்தவர்கள் கண்டிருப்போம். மொழிக்கும் விதி அதுவே. பட்டியலைப் பத்துமுறை பார்த்து வாசிப்பதைவிட, பொருளை மூடிக்கொண்டு நினைவிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்ப்பது பயன் தரும். நாளுக்குப் பத்துப் புதுச்சொற்கள் போதும். ஆசையில் ஐம்பது என்று தொடங்கினால், இரண்டாவது வாரத்தில் திரும்பப் பார்க்க வேண்டியவை மலையாகக் குவிந்து, பிள்ளை கைவிட்டுவிடும்.

இரண்டையும் சேர்க்கும் ஒரு பயிற்சி

அந்தப் பையனுக்கு நான் கொடுத்த வேலையை உங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பாருங்கள். தன் சொற்பெட்டியைத் தானே பக்கமாக எழுதுவதுதான் வேலை.

முதல் வாரம், பத்து அரபுச் சொற்களும் தமிழ்ப் பொருளும் கொண்ட ஒரு அட்டவணை. எச்.டி.எம்.எல். மட்டும் போதும். இரண்டாம் வாரம், சி.எஸ்.எஸ். கொண்டு அரபுக்குத் திசையும் பெரிய எழுத்தும் கொடுப்பது. மூன்றாம் வாரம், பொருளை மறைத்து வைத்து, தொட்டால் தெரியச் செய்வது. ஜாவாஸ்கிரிப்டின் முதல் பாடம் இதுவே. பிறகு விடையைத் தட்டச்சு செய்ய ஒரு கட்டம் வைத்து, உயிர்க்குறிகளை நீக்கி ஒப்பிடுவது. கடைசியாக, எந்தச் சொல் எந்த அறையில் உள்ளது என்பதை உலாவியின் சேமிப்பிடத்தில் பதிவது. உலாவியின் தரவுகளை அழித்தால் அந்தப் பதிவும் போய்விடும் என்பதால் நகல் எடுத்து வைக்கவும் கற்க வேண்டும்.

அரபுக்குப் பதில் ஆங்கிலச் சொற்களை வைத்தும் இதைச் செய்யலாம். வீட்டில் இருந்து படிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

மோசில்லா நிறுவனத்தின் எம்.டி.என். வழிகாட்டிகளும், ஃப்ரீகோட்கேம்ப் பாடங்களும் இலவசம். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், ஆகவே அவற்றை வாசிப்பதே ஆங்கிலப் பயிற்சியும் ஆகும். இவற்றில் மூன்று மாதம் தொடர்ந்து உட்கார்ந்த பிள்ளைக்கு ஆர்வம் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். அதன் பின் வகுப்பு தேவைப்பட்டால், நிறுவனத்தாரிடம் இவற்றைக் கேளுங்கள்: மாணவர் தன் கையால் நிரல் எழுதுவாரா? முன்பு படித்தவர்கள் எழுதிய பக்கங்களைக் காட்ட முடியுமா? ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுவீர்களா? பாதியில் நின்றால் பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இதைக் கற்றால் உடனே வேலை என்று நான் சொல்லவில்லை. எச்.டி.எம்.எல். மட்டும் தெரிந்தவருக்கு வேலை கிடைப்பது அரிது. கேட்டதும் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் அவை தருவதில் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க, எழுதத் தெரிந்தவர் வேண்டும். அடிப்படை தெரியாமல் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவருக்கு எந்த வழியும் திறக்காது.

அந்தப் பையன் இரண்டு மாதம் கழித்து வந்தான். அவன் பக்கத்தில் நூற்றிருபது சொற்கள் இருந்தன. பச்சை நிறம் கொஞ்சம் அதிகம், ஒரு பொத்தான் வேலை செய்யவில்லை. எதனால் வேலை செய்யவில்லை என்பதை அவனே எனக்கு விளக்கினான். அவன் அம்மாவும் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்து இரவில் சொற்களைப் பார்க்கிறாராம். இரண்டாவது வகுப்புக்குக் கட்ட இருந்த பணத்தில் கம்மலை மீட்டுவிட்டதாகச் சொன்னார்.

அலுவலகக் கணினி அஸருக்குப் பின் மஃரிப் வரை பிள்ளைகளுக்காகத் திறந்திருக்கும். கட்டணம் இல்லை. ஒரு குறிப்பேடும் பேனாவும் கொண்டு வந்தால் போதும்.