ஜோஜிலா ஏறிய டாங்கியின் சிற்றுருவம்

1948 நவம்பர் 1 அன்று, சுமார் 11,500 அடி உயரமுள்ள ஜோஜிலா கணவாயில் 7-ஆம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனியினூடே முன்னேறின. அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் வருமென்று எதிர்த்தரப்பினர் எண்ணியிருக்கவில்லை. பீரங்கி மேடைகள் கழற்றப்பட்டு இரகசியமாகக் கொண்டுவரப்பட்ட அவ்வண்டிகளுக்கு, கோவேறு கழுதைத் தடத்தை அகலப்படுத்திப் பாதை அமைத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தயாரிப்பான இந்த இலகுரக டாங்கியை 16-இல் ஒரு பங்கு அளவில் செய்தால், ஏறத்தாழ 30 செ.மீ. நீளம் வரும். அவ்வளவு பெரிய உருவத்தில் பொய் எளிதில் புலப்பட்டுவிடும்.

பாகங்களை ஒட்டுவது பொறுமை சார்ந்த வேலையே. அவற்றைச் சோப்பு நீரில் கழுவி, விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினால் போதும். கலை தொடங்குவது வண்ணத்தில்தான். அசல் ஆலிவ் பச்சையை அப்படியே பூசினால் சிற்றுருவம் கருத்துத் தோன்றும். ஆகவே சிறிது வெளிர்நிறம் கலக்க வேண்டும். உட்பூச்சின் மீது தலைமுடிக்கான ஸ்ப்ரேயை அடித்து, அது காய்ந்தபின் அக்ரிலிக் பச்சையைப் பூசி, நீர் தொட்ட தூரிகையால் உரசினால் மேற்பூச்சு இயல்பாகப் பெயரும். அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் பூசி, நீர்த்த பழுப்பு எனாமலைத் தொட்டு வைத்தால், அது ஆணித்தலைகளைச் சுற்றித் தானாகவே ஓடி நிற்கும். அக்ரிலிக் கீழும் எனாமல் மேலும் இருப்பதால், எனாமலைத் துடைக்கும் கரைப்பான் அடிவண்ணத்தைக் கெடுக்காது.

வணிகவியல் படித்த எங்களுக்குத் தேய்மானம் என்றால் ஆண்டுதோறும் சமமாகக் கழிக்கும் தொகை நினைவுக்கு வரும். டாங்கி அவ்வாறு தேய்வதில்லை. நால்வர் ஏறி இறங்கும் மூடிகளின் ஓரத்திலும், காலணி படும் இடங்களிலும் மட்டுமே வண்ணம் உதிரும். முழு வண்டியையும் துருவால் மூடுவது, என் கருத்தில், அதைப் பேணிய வீரர்களுக்குச் செய்யும் அநீதி. பழுதான வண்டி அந்நால்வரின் உயிருக்கே ஆபத்து. ஸ்டூவர்ட்டின் சங்கிலிப் பட்டைகள் பெரும்பாலும் ரப்பர் பதித்தவை. ரப்பர் துருப்பிடிக்காது, சாம்பல் கலந்த கருமையே அதற்குப் பொருந்தும். இணைப்பு எஃகுகளில் மட்டும் பென்சில் கரித்தூளைத் தேய்த்து மினுக்கலாம்.

சேறும் இடமறிந்து வர வேண்டும். பாலைவனப் புழுதிநிறம் இமயத்திற்குப் பொருந்தாது. வண்ணத்தூளுடன் பிளாஸ்டர் கலந்து, சக்கரங்களருகே தடித்த ஈரச் சேறாகவும், மேலே செல்லச் செல்ல உலர்ந்த தெறிப்புகளாகவும் அமைக்கலாம். பனிக்குச் சமையல் சோடாவைத் தவிர்ப்பது நல்லது. நாளடைவில் அது மஞ்சளாகக்கூடும். நுண்ணிய கண்ணாடித்தூளைப் பசையில் குழைத்து இடலாம். அப்போது முகமூடி அணிவது அவசியம். வண்டியின் பின்புறத்து இயந்திர அறைமீது மட்டும் பனி வேண்டா. ஓடும் எஞ்சினின் வெப்பம் அதை உருக்கிவிடும். அங்கே ஈரப் பளபளப்பு போதும்.