கண்ணுக்குள் ஒரு மூச்சுத் திணறல்

காலையில் முகங்கழுவி நிமிர்ந்த ஒருவருக்கு, ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தாற்போல இருள் சூழ்கின்றது. வலியில்லை, சிவப்புமில்லை. "சற்றே படுத்தெழுந்தால் சரியாகிவிடும்" என்கின்றனர் வீட்டார். நாமும் அவ்வாறே எண்ணக்கூடும். ஆயின், அவ்வேளையில் கண்ணுக்குள் நிகழ்வதை அறிந்தோமாயின் கணமும் தாமதியோம்.

கண்ணின் பின்புறத்தே மெல்லிய சவ்வாய் விரிந்திருப்பது விழித்திரை. ஓயாது உழைக்கும் அதன் கலங்களுக்கு ஒட்சிசன் இடையறாது கிடைத்தல் வேண்டும். அதன் உட்படைகளுக்குக் குருதி கொண்டுசெல்வது மைய விழித்திரை நாடி எனும் சிறு குழாய். இதயத்திலிருந்தோ கழுத்து நாடியிலிருந்தோ பெயர்ந்துவரும் சிறு துணுக்கு அதனை அடைத்துவிடலாம். ஜெர்மானியக் கண் வைத்தியர் கிறாபே 1859ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்துள்ளார்.

குருதி தடைப்பட்டதும் கலங்கள் உடனே மடிந்துவிடுவதில்லை. முதலில் வேலையை நிறுத்துகின்றன. பார்வை மறைவது அதனாலேயே. பின்னர் உப்பும் நீரும் உட்புகக் கலங்கள் வீங்குகின்றன. ஒரு கலம் மற்றொன்றுக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேற்று எனும் பொருள் அளவுமீறித் தேங்குகின்றது. அளவோடு தூதாயிருந்தது, மிகுந்தால் நஞ்சாகின்றது. எலிகளுக்கு இப்பொருளை மிகையாகச் செலுத்தியபோது விழித்திரையின் உட்படை அழிந்ததை லூக்காஸ், நியூஹவுஸ் என்போர் 1957இல் கண்டனர். தேங்கிய நஞ்சை உறிஞ்சி அயற்கலங்களைக் காப்பவை மூளர் கலங்கள். சத்துக் குன்றினால் அவையும் சோர்ந்துபோகின்றன. அதன் பின்னரே, பார்வைச் செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்புக் கலங்கள் மடியத் தொடங்குகின்றன.

இத்துன்பத்தை எவ்வளவு நேரம் தாங்கலாம்? வயது முதிர்ந்த குரங்குகளில் ஆராய்ந்த சோகன் சிங் ஹேரே குழுவினர் 2004இல் விடை தந்தனர். 97 நிமிடங்கள்வரை கேடு புலப்படவில்லை; 240 நிமிடங்கள் கடந்தபோதோ மீளாத பேரழிவே எஞ்சியது. அடைப்பை நிச்சயமாய் நீக்கும் சிகிச்சை இன்னும் கைவரவில்லையாயினும், எதனைச் செய்வதாயினும் இச்சில மணித்தியாலங்களுக்குள் செய்தல் வேண்டும்.

சில நிமிடங்களில் பார்வை தானே மீண்டாலும் நாம் நிம்மதி கொள்ளலாகாது. அது பாரிசவாதம் நெருங்குவதற்கான எச்சரிக்கையாகவும் இருக்கலாம். குருதியமுக்கம், நீரிழிவு உடையோர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஆகவே, வலியில்லையே என்று வாளாவிருத்தல் தகாது. விடியட்டும் என்றும் காத்திராது, உடனே வைத்தியசாலைக்கு விரைவோமாக.